பதினொன்றரை வயது மகள்: இரண்டு ஆண்டு ஓடிய கால அட்டவணை படுத்துவிட்டது

தென்னந்தோப்பு | திங்கள், காலை 10.40

வணக்கம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பு வீட்டில் இருக்கிறோம். மகளுக்குப் பதினொன்றரை வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டுக் கல்விக்கு வந்தோம். முதல் ஆறு மாதம் தட்டுத் தடுமாறினோம். பிறகு ஓர் ஒழுங்கு தானாகவே அமைந்தது. காலை 6.30க்கு எழுவாள். கோழிக்குத் தீவனம், செடிக்குத் தண்ணீர். 8 மணிக்குக் கணக்கு, 9.30க்குத் தமிழ், 11 மணிக்கு ஆங்கிலம். மதியத்துக்கு மேல் அறிவியல், அல்லது ஓவியம். இரண்டு ஆண்டு இந்த வண்டி அச்சு முறியாமல் ஓடியது. விருந்தாளிகள் வந்தால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டிப் பீற்றிக்கொண்டதும் உண்டு, மறைப்பானேன்.

இரண்டு மாதமாக எதுவும் நடக்கவில்லை. காலை 8.30 வரை எழுவதில்லை. எழுப்பினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். கணக்கு நோட்டைத் திறந்தாலே கண் கலங்குகிறது. நேற்று ஒரே கணக்கை எழுதி எழுதி அழித்ததில் தாள் ஓட்டையாகிவிட்டது. அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். கதைப் புத்தகம் மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் படிக்கிறாள். எழுதச் சொன்னால் அறைக் கதவு சாத்திக்கொள்கிறது.

வீட்டுக்காரர், வருகிற ஜூனில் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார். மாமியார், எல்லாம் நான் கொடுத்த செல்லம் என்கிறார். பிடியை இறுக்குவதா, விடுவதா என்று எனக்கே தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடலோரம் | திங்கள், காலை 11.25

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று பிள்ளைகளும் வீட்டில்தான் படிக்கிறார்கள். யோசனை சொல்லும் முன் நான்கு கேள்விகள். இந்த ஆண்டு எவ்வளவு உயர்ந்திருக்கிறாள்? இரவு உண்மையில் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் (படுக்கப் போகும் நேரம் அல்ல)? கணக்கில் எந்த இடத்தில் சிக்கினாள்? கடைசியாகக் கண் பரிசோதனை செய்தது எப்போது?

நான்காவது கேள்வி எதற்கென்றால், பள்ளிப் பிள்ளைக்குப் பார்வை மங்கினால் கரும்பலகை காட்டிக்கொடுத்துவிடும். நம் பிள்ளைகள் பலகையைத் தூரத்திலிருந்து பார்ப்பதே இல்லை. என் இரண்டாமவன் பேருந்தின் ஊர்ப்பலகையைப் படிக்க முடியாமல் விழித்தபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அப்போது அவனுக்கு வயது பத்து.

சுண்ணக்கட்டி | திங்கள், பகல் 12.10

அம்மா, 34 ஆண்டு ஆசிரியராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். மனம் புண்பட்டால் மன்னிக்கவும். பிள்ளை அழுகிறது என்பதற்காக மணியை நிறுத்தக் கூடாது. இன்று கணக்குக்கு விலக்கு கொடுத்தால் நாளை தமிழுக்குக் கேட்பாள். பெரியவர்கள் தளர்ந்ததைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். 6.30 என்றால் 6.30தான். ஒரு வாரம் முரண்டு பிடிப்பாள், பிறகு சரியாகிவிடும்.

இரண்டு வாண்டுகள் | திங்கள், பகல் 1.05

ஐயா, வணக்கம். நானும் ஒரு வாரம் பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். எட்டு மாதம் முரண்டு பிடித்தான் என் மகன்.

சென்னையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அப்பா நான். மூத்தவனுக்கு ஒன்பது வயது. எழுத்துகள் இடம் மாறித் தெரியும், வாசிப்பு தடைப்படும். அப்போது எங்களுக்கு அது தெரியாது. 'சோம்பேறி' என்று நானே சொல்லியிருக்கிறேன், அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் கூசுகிறது. மதிப்பீடு செய்த பிறகுதான் வாசிப்புக் குறைபாடு என்று தெரிந்தது. அன்றே அட்டவணையைத் தலைகீழாக்கினோம். காலையில் முதல் வேலையாக வைத்திருந்த வாசிப்பை எடுத்துவிட்டு, மிதிவண்டியும் களிமண்ணும் வைத்தோம். வாசிப்பு 10.30க்கு, 12 நிமிடம் மட்டும். 12 என்று பிடிவாதமாக வைத்ததற்குக் காரணம் உண்டு: 15ஆவது நிமிடத்தில் அவன் காது மடல் சிவந்துவிடும். புத்தகத்தில் எந்த நேரம் எழுதியிருந்தால் என்ன, எனக்கு அவன் காதுதான் கடிகாரம்.

இப்போது அந்த 12 நிமிடம் 25 ஆகியிருக்கிறது. ஒன்றரை ஆண்டு ஆயிற்று. இளையவளுக்கு இந்தக் கதையே கிடையாது, ஆறு வயதிலேயே கடைப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு வருகிறாள். அண்ணனுக்குப் போட்ட அட்டவணையை அவளுக்குப் போட்டால் வீடு தாங்காது.

தென்னந்தோப்பு | திங்கள், மாலை 4.50

எல்லோருக்கும் நன்றி. கடலோரம் அக்காவுக்குப் பதில்: சுவரில் போட்ட கோட்டின்படி பத்து மாதத்தில் 7 சென்டிமீட்டர். போன தீபாவளிக்குத் தைத்த பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. இன்னும் பெரியவளாகவில்லை, ஆனால் அதற்கான அறிகுறிகள் தெரிகின்றன. தூக்கம்: 9.30க்கு விளக்கை அணைக்கிறோம். நேற்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்தேன், 11 மணிக்கும் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கண் பரிசோதனை செய்ததே இல்லை, வெட்கமாக இருக்கிறது. கணக்கில் சிக்கிய இடம் பின்னத்தைப் பின்னத்தால் வகுத்தல்.

சுண்ணக்கட்டி ஐயா, நீங்கள் சொல்லும் முன்பே இன்று 6.30க்கு எழுப்பிப் பார்த்தேன். 8 மணிக்கு நோட்டின் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

கடலோரம் | திங்கள், இரவு 9.15

நினைத்தேன். பருவ மாற்றம் தொடங்கும் வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு இரவில் தள்ளிப்போகிறது. பிள்ளை வேண்டுமென்று விழித்திருப்பதில்லை, தூக்கமே தாமதமாகத்தான் வருகிறது. 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். 11 மணிக்குத் தூங்கி 6.30க்கு எழுந்தால் ஏழரை மணி நேரம்தான். 6.30 என்று பிடித்தால் தினமும் அவளைத் தூக்கக் கடனில்தான் எழுப்புவீர்கள்.

இன்னொன்று. ஒன்பது வயதில் உங்கள் அட்டவணை அவளுக்குச் சரியாக இருந்தது. அதை அவள் உடைக்கவில்லை, அதிலிருந்து வளர்ந்து வெளியே வந்துவிட்டாள். பாவாடை குட்டையானதற்குப் பிள்ளையை யாராவது திட்டுவார்களா?

சுண்ணக்கட்டி | செவ்வாய், காலை 6.20

இரவு முழுக்க யோசித்தேன். நோட்டின் மேல் தூங்கிய பிள்ளையைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது, சொல்கிறேன்.

2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதற்கு முன்பே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது. அதன் மூலம் ஆந்திரத்து ரிஷிவேலி பள்ளி என்று பயிற்சியில் சொன்னார்கள். நான் முணுமுணுத்துக்கொண்டே போனவன். பாடவேளை மணி கிடையாது, பெஞ்சு கிடையாது, எல்லோரும் தரையில். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்தது தொங்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணிப்படி அட்டவணை. பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, தட்டிலிருந்து தனக்கான அட்டையைத் தானே எடுத்துவர வேண்டும். உடம்பு சரியில்லாமல் பத்து நாள் வராத பிள்ளை, விட்ட அட்டையிலிருந்து தொடரும். பழைய முறையில் அந்தப் பத்து நாள் பாடம் போனது போனதுதான்.

எங்கள் பள்ளியில் அது குறையில்லாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. பதிவேடு நிரப்பியே எனக்குக் கை வலித்தது. ஆனால் ஒன்றைப் பார்த்தேன். ஒரு பையன் கணக்கில் ஒரே படியில் மூன்று வாரம் நின்றான். பழைய வகுப்பாக இருந்தால் நான் அவனைத் தாண்டிப் போயிருப்பேன். நான்காவது வாரம் ஒரே நாளில் ஐந்து அட்டை முடித்தான்.

பள்ளியில் பாடவேளை 40 நிமிடம், 45 நிமிடம் என்று இருப்பதே ஆசிரியர்களை வகுப்புகளுக்குப் பங்கிடுவதற்காகத்தான். பிள்ளையின் கவனம் 40 நிமிடம் என்று யாரும் அளந்து வைத்ததல்ல. ஒரே ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அந்தப் பங்கீடு தேவையில்லை. ஆகவே 6.30 பற்றி நேற்றுச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மணியே வேண்டாம் என்பதை இன்னும் ஒப்பவில்லை. நாளில் ஏதாவது ஒன்று அசையாமல் நிற்க வேண்டும். எதுவுமே நிற்காத வீட்டில் பிள்ளைக்கும் தலை சுற்றும்.

சிங்கை வாசி | செவ்வாய், காலை 8.00

ஐயா சொன்ன அந்த அசையாத ஒன்று எங்களுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக் கல்விக்கு அமைச்சிடம் விலக்குக் கேட்டுப் பெற வேண்டும், ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை தர வேண்டும், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியே தீர வேண்டும். அதிலும் அந்த ஆண்டு எழுதும் மாணவர்களின் 33ஆவது சதமானத்தை, அதாவது கீழ் மூன்றில் ஒரு பங்கினரைத் தாண்டிய இடத்தை, எட்ட வேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் 'கணக்கு இந்த ஆண்டு வேண்டாம்' என்ற பேச்சுக்கு இடமில்லை.

அதற்காக நேரத்தைக் கட்டிக்கொண்டு அழவும் இல்லை. மணிக் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு வந்தோம். ஞாயிறு இரவு ஒரு டப்பாவில் 14 சீட்டுகள் போடுவேன்: கணக்கு நான்கு, தமிழ் மூன்று, ஆங்கிலம் நான்கு, அறிவியல் மூன்று. எதை எப்போது எடுப்பது என்பது மகன் விருப்பம். சனிக்கிழமை மதியம் டப்பா காலியாக இருக்க வேண்டும். முதல் மாதம் எல்லாக் கணக்குச் சீட்டும் வெள்ளி இரவில்தான் வெளியே வந்தன, அழுகையோடு. இரண்டாவது மாதம் திங்கள் காலையிலேயே இரண்டை எடுத்து முடித்துவிட்டு வந்து நின்றான். சென்ற ஆண்டு என் தாயார் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் டப்பாவில் ஏழு சீட்டுதான் போட்டேன். பிள்ளையின் தேவை மட்டும்தான் மாறும் என்பதில்லை, வீட்டின் தேவையும் மாறும்.

தேர்வுக்காரி | செவ்வாய், மாலை 6.30

இந்தியாவில் இருக்கும் நமக்கும் ஒரு நாள் தேர்வு வரத்தான் செய்யும், அதையும் சேர்த்து யோசியுங்கள். என் மகன் இப்போதுதான் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு முடித்தான். 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்து பாடங்கள். ஏப்ரல், அக்டோபர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஓவியம், மனையியல் போன்றவற்றையும் பாடமாக எடுக்கலாம்.

இது தெரியாமல் அவனுக்கு 13 வயதிலேயே பயந்துபோய்ப் பள்ளி மாதிரியே அட்டவணை போட்டேன். நாலு மாதம் வீடு போர்க்களம். பிறகு வாய்ப்புகளைக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, யார் எங்களைத் துரத்தினார்கள்? அக்டோபரில் இரண்டு பாடம், ஏப்ரலில் மூன்று பாடம் என்று பிரித்தோம். அவன் இரவு 8 முதல் 11 வரை படித்தான். காலை 9 வரை யாரும் அவன் அறைப் பக்கம் போகக் கூடாது என்று வீட்டில் சட்டம். எங்கள் வீட்டு ஆத்திசூடியில் 'வைகறைத் துயிலெழு' மட்டும் விடுபட்டிருந்தது.

ஓர் எச்சரிக்கை. நாள் நேரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வளைக்கலாம், ஆனால் கட்டணக் கடைசி நாள் வளையாது. ஒருமுறை தேர்வுக் கட்டணத்தை மறந்து தாமதக் கட்டணம் கட்டினேன். ஒப்படைப்புகளுக்கும் மதிப்பெண் உண்டு, அவற்றுக்கும் நாள் குறித்து வையுங்கள்.

இரண்டு வாண்டுகள் | செவ்வாய், இரவு 10.20

தென்னந்தோப்பு, உங்கள் வீட்டுக்காரரின் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு. 'அட்டவணை ஓடினால் வீட்டுக் கல்வி, நின்றால் பள்ளி' என்று நம் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் நாம் பிள்ளையைவிட அட்டவணையைக் காப்பாற்றப் பார்க்கிறோம். அவளிடமே கேட்டீர்களா, பள்ளிக்குப் போக ஆசையா என்று?

தென்னந்தோப்பு | புதன், காலை 9.30

கேட்கவில்லை. நேற்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் கேட்டேன். 'பள்ளி வேண்டாம், தோழி வேண்டும்' என்றாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அத்தை மகள் வேறு ஊருக்குக் குடிபோய் மூன்று மாதம் ஆகிறது. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கடலோரம் | புதன், காலை 9.50

அப்படியானால் உங்கள் அட்டவணையில் முதலில் எழுத வேண்டியது அதுதான். கணக்கு அப்புறம்.

தென்னந்தோப்பு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.15

நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

முதலில் கண். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை. கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். 'அழுகைக்கு இது காரணமில்லை, ஆனால் கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும்' என்றார் மருத்துவர். கண்ணாடி போட்ட அன்று தோப்பைப் பார்த்து, தென்னை ஓலையில் இத்தனை கீற்று இருக்கிறதா என்று கேட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய அட்டவணையைக் கழற்றிவிட்டோம். காலை 8 மணிக்கு மேல்தான் எழுகிறாள். 10 மணிக்கு ஆங்கிலம், மதியம் தமிழ். கணக்கு மாலை 6 மணிக்கு. சனிக்கிழமை முழுக்க ஆழியாறு பக்கம் இருக்கும் இன்னொரு வீட்டுக் கல்விக் குடும்பத்தோடு. அவர்களுக்கு 12 வயதுப் பெண் இருக்கிறாள். முதல் சனிக்கிழமை இருவரும் பேசவே இல்லை. இரண்டாவது சனிக்கிழமை கூட்டிவரப் போனால் கிளம்ப மறுத்தாள். அசையாமல் நிற்பது ஒன்றே ஒன்று: இரவு 8 மணிக்கு நான் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பேன், அவள் படுத்துக்கொண்டு கேட்பாள். அது ஒன்பது வயதிலும் இருந்தது. அதை மாற்றட்டுமா என்று கேட்டபோது 'அதில் கை வைக்காதே' என்றாள்.

இனி சுண்ணக்கட்டி ஐயாவுக்காக ஒரு காட்சி. முக்காலை எட்டில் ஒன்றால் வகுக்க வேண்டும். வழக்கம் போலத் தலைகீழாக்கிப் பெருக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓரமாக முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் நிமிராமலே கேட்டார்: 'முக்காலுக்குள்ளே எத்தனை அரைக்கால் இருக்கிறது என்றுதானே கேட்கிறார்கள்? காலுக்கு இரண்டு அரைக்கால். அப்போது முக்காலுக்கு ஆறு.' மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அரைக்கால் என்றால் என்ன, அதற்கும் கீழே உண்டா என்று பாட்டியைத் துளைத்தாள். பதினாறில் ஒன்றான மாகாணி வரை போனார்கள். முக்காலில் எத்தனை மாகாணி என்று பாட்டி கேட்க, விரல் விட்டு எண்ணி 12 என்றாள். நாற்பது நிமிடம் அழாமல் கணக்கோடு இருந்தாள். செல்லம் கொடுத்துக் கெடுத்த குற்றத்திலிருந்து அன்று எனக்கு விடுதலை கிடைத்ததா என்று தெரியவில்லை, மாமியார் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அத்தோடு பின்னம் வந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மறுநாள் ஆறில் ஐந்தை மூன்றில் இரண்டால் வகுக்கச் சொன்னேன். மீண்டும் தப்பு. பாட்டியின் வாய்ப்பாட்டில் ஆறில் ஐந்துக்குப் பெயர் இல்லையே. ஆனால் தாள் ஓட்டையாகவில்லை. 'இது இன்னும் எனக்கு வரவில்லை, திங்கள் பார்க்கலாம்' என்று மூடி வைத்தாள்.

மூன்றாவது வாரம் உறவில் ஒரு கல்யாணம், பிறகு அவளுக்குச் சளி, காய்ச்சல். ஆறு நாள் ஒன்றும் படிக்கவில்லை. முன்பு போலிருந்தால் அதை ஈடுகட்ட ஞாயிறும் உட்கார வைத்திருப்பேன். வீட்டுக்காரர் ஜூன் பேச்சை இன்னும் கைவிடவில்லை. டிசம்பரில் மூவரும் உட்கார்ந்து பேசுவதாக ஒப்பந்தம்.

சுண்ணக்கட்டி | ஞாயிறு, மாலை 6.05

அம்மா, பாட்டியை விட்டுவிடாதீர்கள். மாகாணிக்கும் கீழே அரைமாகாணி, முந்திரி எல்லாம் இருக்கின்றன. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. ஆறில் ஐந்துக்கு ஒரு தாளைக் கொடுத்து ஆறாக மடிக்கச் சொல்லுங்கள். இரண்டாக மடித்து, அதை மூன்றாக மடித்தால் ஆறு. அதில் நான்கு பங்கு சேர்ந்தால் மூன்றில் இரண்டு. ஐந்து பங்குக்குள் அந்த நான்கு எத்தனை முறை போகும் என்று கேளுங்கள். ஒன்றேகால் முறை. வாயால் சொல்ல வேண்டாம், அவளே மடிக்கட்டும்.

தென்னந்தோப்பு | திங்கள், இரவு 7.40

மடித்தாள் ஐயா. ஒன்றேகால் என்று தானாகவே சொன்னாள். பிறகு அதே தாளில் கப்பல் செய்து, சனிக்கிழமை கொண்டுபோக எடுத்து வைத்திருக்கிறாள். 8 மணி ஆகப்போகிறது, வாசிக்கக் கூப்பிடுகிறாள்.